தொண்டி எண் பதினேழு

பத்மநாபபுரம் கோர்ட்டு, தொண்டிப்பொருள் அறை.
வாய்வழி மருந்து இடிக்கிற ஆறு நாட்டுத்துப்பாக்கிகள்
சாக்கில் கரும்புக் கட்டுபோலக் கிடந்தன.
மகஜரில் ஆறுக்கும் ஒரே வரி:
தோக்கு, மரம் தேக்கு.
எழுதிய ஏட்டையாவைக் குறை சொல்ல மாட்டேன்.
ஒரு காலை எடுத்தால்
தோக்கு தேக்காகிவிடுகிற ஊர் இது.

என்னிடம் கேட்டது இரண்டு கேள்வி.
மரம் எது? செய்தவன் யார்?
முதலாவதற்குத்தான் அரசு எனக்குச் சம்பளம் தருகிறது.

மேற்பூச்சை நம்பக்கூடாது.
ஷூ பாலீஷ், ஆளிவிதை எண்ணெய், அடுப்புப் புகை,
எவனோ அவசரத்தில் தேய்த்த மண்ணெண்ணெய்.
அடிக்கட்டையின் இரும்புத் தகட்டைத் திருகிக் கழற்றினால்
பல காலம் வெளிச்சம் காணாத
ஒரு விரற்கடை மரம் விழித்துப் பார்க்கும்.
அங்கே பிளேடால் நகக்கண் அளவு சீவி
எச்சில் தொட்டு லென்ஸ் வைப்பேன்.
எச்சில் விதிமுறையில் இல்லை.

முதலில் எடுத்தது பூவரசு.
அடுத்த இரண்டும் அயனி; துளைகள் வெறுங்கண்ணுக்கே தெரிந்தன.
அதில் ஒன்றில் மட்டும்
யாரும் அடிக்கத் தேவையில்லாத இடத்தில் ஆணித் துளைகள்,
சுற்றிலும் கறுத்த வளையம், ஓரத்தில் உப்பின் வெளுப்பு.
வள்ளத்துப் பலகை.
இனயமோ, தேங்காய்ப்பட்டினமோ,
மீனுக்குப் போய்க்கொண்டிருந்தது
பிறகு பன்றிக்குப் போயிருக்கிறது.

நாலாவதன் சீவலைத் தண்ணீரில் போட்டு
ஜன்னல் வெயிலில் வைத்தேன்.
கொஞ்ச நேரத்தில் கிளாஸ் முழுக்க ஒரு நீலம் மிதந்தது.
வேங்கை, என்றேன்.
றசலையன் சார் எட்டிப் பார்த்து,
"அது எனக்க டீ கிளாசு மேடம்" என்றார்.

ஐந்தாவது சீமை வால்நட்.
முத்திரை இருந்த இடத்தை
யாரோ பொறுமையாக அரம் போட்டு அழித்திருந்தார்கள்.

பதினேழாம் எண் சீட்டுக் கட்டிய ஆறாவதுக்குத்தான் வழக்கே.
எதிரி குருசுமுத்து, களியல், ரப்பர் பால்வெட்டு, வயது முப்பத்தொன்று.
ஈட்டியாக இருந்தால் காட்டுச் சட்டமும் சேரும்.

பிளேடு பட்டதும் வாசனை எழுந்தது.
லென்ஸை மேசையிலேயே வைத்துவிட்டேன்.
ஈட்டி.
மகாராஜாவைக் கேட்காமல்
ஈட்டியில் கோடரி படாத காலத்து மரம்.
ஒரு தச்சன் கைக்கு எப்படி வந்தது?

குழல் படுக்கிற பள்ளத்தைத் துடைத்தேன்.
நீளத்துக்கும் ஒரு மேடு, நூல் கனம்.
நடுவில் வாய் நொறுங்கிய உளி.
அவன் தீட்டிச் சரிசெய்யவில்லை.
பல் போன உளி எதைத் தின்றாலும்
அதே இடத்தில் அதே மிச்சத்தை விட்டுப்போகும்.
பெயர் இல்லை, ஊர் இல்லை. அந்த வரி மட்டும்.

விசாரணை நாள். மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை.
கூண்டில் ஏறிச் சத்தியம் சொல்லி
கைப்பிடியைப் பற்றினேன்.
அடிப்பக்கம், வார்னீஷ் எட்டாத இடத்தில்
விரலில் ஒரு மேடு தட்டியது.
நூல் கனம்.
விரலை இழுத்துக்கொண்டே போனேன்.
கைப்பிடி முடிகிறவரை அது முடியவில்லை.

மரம்?
ஈட்டி.
வயது?
எதிரியின் அப்பாவைவிட மூத்தது.
செய்தது யார் என்று சொல்ல முடியுமா?

குருசுமுத்து என் முகத்தைப் பார்க்கவில்லை.
கம்பிக்குக் கீழே ஊர்ந்துகொண்டிருந்த
என் விரலைத்தான் பார்த்தான்.

"பெயர் தெரியாது, ஐயா.
இந்தக் கூண்டைக் குப்புறக் கவிழ்த்தால்
ஆளைக் காட்டுகிறேன்."

தட்டச்சு ஒரு நொடி நின்றது.
பின்வரிசையில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.
கூண்டைக் கவிழ்க்க எந்தச் சட்டத்திலும் பிரிவில்லை.
என் வாக்குமூலத்தில் முதல் இரண்டு சொற்களை மட்டும்
பதிந்துகொண்டார்கள்.

இறங்கும்போது கவனித்தேன்,
அடுத்த சாட்சி, ஒரு கிராம அலுவலர்,
அதே இடத்தில் கைவைத்து
ஏதோ தட்டுப்பட்டதுபோல எடுத்து
விரல் நுனியைப் பார்த்தார்.